புண்ணும் நுண்ணுயிரும்: தொழுநோயில் உடலின் காப்பாற்றல் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

1898-ஆம் ஆண்டில், இந்திய நாட்டை ஆண்ட ஆங்கில அரசு தொழுநோயாளரைப் பற்றிச் சட்டம் ஒன்று இயற்றிற்று. தொழுநோயாளர் எனப்படுவார் யாவர் என்பதற்கு அச்சட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வரையறை உண்டு. எவ்வகைத் தொழுநோயாயினும் ஆகுக. புண் வைக்கத் தொடங்கிய நிலையில் உள்ளவரே அச்சட்டத்தின்படி தொழுநோயாளர். அவருள்ளும் தெருவில் இரப்போரும், புண்ணையும் குறைப்பட்ட உறுப்பையும் காட்டிப் பிச்சை ஏற்போரும், பிழைக்க வழியின்றித் திரிவோரும் காவலராற் பிடிக்கப்பட்டுத் தொழுநோயர் இல்லத்தில் அடைக்கப்பெறுதற்கு உரியராயினர். புண் இல்லாதாரும், புண் இருந்தும் வீடும் பொருளும் உடையாரும் அவ்வாறு அடைக்கப்பெற்றிலர்.

புண்ணை அளவுகோலாகக் கொண்ட இவ்வரையறை, நோயின் எப்பகுதியைக் கண்டது, எப்பகுதியைக் காணாது விட்டது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். சட்டம் பிறந்தபோது நோய்க்குரிய நுண்ணுயிர் கண்டறியப்பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் அந்நுண்ணுயிரும் கண்ணுக்குப் புலனாகும் புண்ணும் எவ்வாறு தொடர்புற்றன என்பது விளங்கவில்லை. அது விளங்குதற்கு மேலும் ஏறத்தாழ நூறாண்டுகள் வேண்டியிருந்தன. அந்நெடிய வரலாற்றை நுண்ணுயிரின் வரலாறு என்பதினும், அதனை எதிர்கொள்ளும் உடலின் வரலாறு என்பதே பொருந்தும்.

கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே நோயை வகுத்தல் ஆங்கிலச் சட்டத்தாரிடம் மட்டும் காணப்பட்ட வழக்கன்று. நம் சித்த மருத்துவ நூல்கள் குட்டம் என்னும் ஒரு பெயரின் கீழ்ப் பதினெட்டு வகை காட்டுகின்றன. அவற்றுட் பல, இன்று வேறு தோல்நோய்களாக அறியப்படுவன. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில், இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி நலம் பெறுவோருள் அழுகிய உடலினரும் உளர். அவர்கள் நோயின் பெயரால் அல்லாமல் தோற்றத்தாலேயே சுட்டப்பெறுகின்றனர். தோலின் நிறம் மட்டும் வெளுக்கும் நிலைக்கு ‘வெண்குட்டம்’ என்று பெயரிட்டதும் இத்தகைய தோற்ற மயக்கமே. அந்நிலையில் நிறம் அறவே நீங்கும், தொடுவுணர்வோ குன்றாது. தொழுநோய்த் தேமலில் நிறம் முற்றும் போவதில்லை, உணர்வே போகும். இரண்டற்கும் உறவு ஏதுமில்லை. எனினும் ஒரு பெயர் செய்த தீங்கினால், நோயற்ற பலர் நோயாளராக எண்ணப்பெற்று மணமும் தொழிலும் இழந்தனர்.

இனி, ஆராய்ச்சி தொடங்கிய இடத்திற்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தொழுநோய் மிக்கிருந்த நாடுகளுள் ஒன்று நார்வே. அந்நாட்டின் மேலைக் கடற்கரையில் உள்ள பெர்கன் நகரில் டானியல்சென், போயெக் என்னும் மருத்துவர் இருவர் 1847-இல் ஒரு நூல் வெளியிட்டனர். தொழுநோயைத் தெளிவாகப் பகுத்துரைத்த முதல் அறிவியல் நூல் அதுவே எனலாம். முகத்திலும் காதிலும் முடிச்சுகள் எழும் வகை ஒன்று, தோல் உணர்விழந்து கைகால் மரத்துப்போகும் வகை ஒன்று என அவர்கள் இரண்டு கண்டனர். ஒரே நோய் ஈருருக் கொள்வது ஏன் என்னும் வினா அன்றே பிறந்தது, விடைதான் பிறக்கவில்லை.

நோய் வழிவழி வருவது, தொற்றுவதன்று என்பது டானியல்சென் கொள்கை. அதனை நிறுவுதற்பொருட்டு, நோயாளரின் முடிச்சிலிருந்து எடுத்த பொருளைத் தம் உடலிலேயே பலமுறை புகுத்திக்கொண்டார். நோய் வரவில்லை, ஆகவே தொற்றாது என்று முடிவு கட்டினார். அவருடைய துணிவைப் போற்றுகிறோம், முடிவை ஏற்றற்கில்லை. நோய் வாராமைக்குக் காரணம் நுண்ணுயிர் இல்லாமை அன்று, அவருடைய உடலின் காப்பாற்றலே என்று இன்று நாம் உணர்கிறோம். மாந்தருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தின் மேற்பட்டோர் இந்நோய்க்கு இயல்பாகவே இடங்கொடாதவர் என மதிப்பிடுவர். டானியல்சென் அப்பெரும்பான்மையோருள் ஒருவராக இருந்தார். தொழுநோயில் காப்பாற்றல் பற்றிக் கிடைத்த முதற்சான்று, கண்டவரே அறியாத சான்றாக அமைந்தது.

டானியல்செனின் மருமகனாகிய ஆர்மவுர் ஹான்சன் மாமனாரின் கொள்கையை மறுத்தார். 1873-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், முடிச்சுகளிலிருந்து எடுத்த பொருளில் கோல் வடிவான நுண்ணுடல்களைக் கண்டு, அடுத்த ஆண்டு அதனை வெளியிட்டார். 1879-இல் பெர்கனுக்கு வந்து சென்ற ஜெர்மானியராகிய நைசர், அந்நுண்ணுயிருக்குச் சாயமூட்டி எளிதிற் காணச் செய்தார். ஆனால் காண்பது வேறு, நிறுவுவது வேறு. கோலுயிர் எந்த ஊட்டக் கரைசலிலும் வளர மறுத்தது, விலங்குகளும் நோயேற்கவில்லை. அதனை வெறும் ஊட்டத்தில் வளர்த்தார் இன்றளவும் இலர்.

இவ்விடர்ப்பாட்டில் ஹான்சன் ஒரு தவறு செய்தார். 1879-இல், உணர்விழப்பு வகை நோயுற்று மருத்துவமனையில் இருந்த பெண் ஒருத்தியின் கண்ணில், முடிச்சு வகை நோயாளரிடமிருந்து எடுத்த பொருளை, அவளுடைய ஒப்புதல் பெறாமலே கூரிய கருவியாற் புகுத்தினார். ஒரு வகை மற்றொரு வகையாக மாறுமா என்பதே அவர் காண விழைந்தது. எதிர்பார்த்த முடிச்சு தோன்றவில்லை. வழக்கு எழுந்தது, 1880-இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பணியிலிருந்து நீக்கிற்று. மருத்துவ ஒழுக்கவியல் எழுதுவோர் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவது வழக்கம், அது தக்கதே. அதன் மற்றொரு பொருளை அவர்கள் கூறுவதில்லை. ஒருத்தியின் உடல், தன்னிடம் புகுத்தப்பெற்ற நுண்ணுயிரை முடிச்சு வகையாக வளரவிடவில்லை. டானியல்சென் தம் உடலில் கண்டும் காணாத உண்மையை, ஹான்சன் பிறர் உடலில் கண்டும் காணவில்லை. இருவரும் வித்தையே நோக்கினர், நிலத்தை நோக்கினாரல்லர்.

நிலத்தை நோக்கியவர் வேறொருவர். உயிரணுக் கொள்கையில் தலைசிறந்த விர்ச்சோ 1859-இல் நார்வேக்கு வந்து நோயாளரைப் பார்த்தார். முடிச்சுகளின் உள்ளே நுரைத்தாற்போல் வீங்கிய பெரிய அணுக்கள் நிறைந்திருத்தலை அவர் விளக்கினார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அந்நுரை கொழுப்பு என்பதும், அதனுள் கோலுயிர்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன என்பதும் பின்னரே தெளிவாயின. அயலுயிர்களை விழுங்கிச் செரித்தலே தொழிலாகவுடைய பெருவிழுங்கணுக்கள் அவை. இந்நோயில் அவை விழுங்குகின்றன, செரிப்பதில்லை. கொல்லவேண்டிய அணுவே குடியிருப்பாகி விடுகின்றது. முடிச்சு வகையில் ஒரு கிராம் தோலில் நூறு கோடிக்கு மேற்பட்ட கோலுயிர்கள் இருத்தலும் உண்டு.

இதற்கு நேர்மாறான காட்சியும் நுண்ணோக்கியில் தென்பட்டது. வேறு சில நோயாளரின் தேமலில், காசநோய்க் கட்டியைப் போல அணுக்கள் நெருங்கித் திரண்டிருந்தன. நடுவே பெருவிழுங்கணுக்கள், சூழ நிணவணுக்கள். கோலுயிரைத் தேடியும் காண்பதரிது. இவ்வமைப்பினால் ‘டியூபர்குலாய்டு’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. முடிச்சு வகை ‘லெப்ரோமட்டஸ்’ எனப்பட்டது. நுண்ணுயிர் மலிந்த இடத்தில் போர் இல்லை. போர் மிக்க இடத்தில் நுண்ணுயிர் இல்லை. இம்முரண்பாட்டின் பொருளைத் தோலின்மேல் எழுதிக் காட்டிய பெருமை ஜப்பானியராகிய மித்சுதா கென்சுகேயைச் சாரும்.

மித்சுதா செய்தது மிக எளியது. முடிச்சுகளை வெந்நீரிற் காய்ச்சி அரைத்து, கோலுயிர்கள் இறந்துபட்ட கரைசலாக்கி, அதனைத் தோலில் சிறிதளவு செலுத்தினார். மூன்று நான்கு வாரங்களில் சிலரிடம் கடினமான சிறு தடிப்பு எழுந்தது. சிலரிடம் ஒன்றும் எழவில்லை. டியூபர்குலாய்டு வகையினரிடம் எழுந்தது. நோயற்ற மக்களுள்ளும் பலரிடம் எழுந்தது. எழாதவர் லெப்ரோமட்டஸ் வகையினர். 1919-இல் அவர் இதனை வெளியிட்டார். ‘லெப்ரோமின்’ எனப் பெயர்பெற்ற இச்சோதனை நோயைக் கண்டறியும் கருவியன்று. கண்டறியப் பயன்படுத்தினோர் ஏமாந்தனர். உடல் இந்நுண்ணுயிரை எதிர்க்க வல்லதா அன்றா என்பதையே அது காட்டும். கல்கத்தாவில் ஆராய்ந்த தர்மேந்திரா, 1940-களின் தொடக்கத்தில் இக்கரைசலிலிருந்து திசுக்களையும் கொழுப்பையும் நீக்கித் தூய்மை செய்தார்.

மித்சுதாவின் வரலாற்றில் யாம் சிறிது நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மக்களிற் பலர் இந்நோயை எதிர்க்கும் ஆற்றலுடையர் என்பதைத் தம் கையாலேயே மெய்ப்பித்தவர் அவர். அவரே, நோயாளர் அனைவரையும் வாழ்நாள் முழுதும் பிரித்து வைத்தல் வேண்டும் என்று அரசை வற்புறுத்தியவர். 1915-ஆம் ஆண்டு முதலாக, மணம் புரிய விழைந்த ஆண் நோயாளருக்குக் கருத்தடை அறுவை செய்தவர். 1930-இல் நிறுவப்பெற்ற நாகஷிமா தீவு இல்லத்தின் தலைவர். 1951-இல் அந்நாட்டுப் பண்பாட்டு விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அவர் வலியுறுத்திய பிரிவினைக் கொள்கையைத் தாங்கிய சட்டம் 1996-இல்தான் நீக்கப்பெற்றது. 2001-இல் குமமோட்டோ நீதிமன்றம் அக்கொள்கை அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை அதனைக் கண்டவருடைய ஆட்சி முறையைக்கூடத் திருத்தவில்லை. இதனைக் காலத்தின் குறை என்று கூறி விடுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. சான்று அவர் கையிலேயே இருந்தது.

இரு முனைகள் தெளிந்தபின் இடைப்பட்டவை குழப்பம் விளைத்தன. 1953-இல் மாட்ரிட் நகரிற் கூடிய உலகப் பேரவை வகைகளை ஒழுங்குபடுத்த முயன்றது. ரிட்லி, ஜாப்ளிங் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1962-இலும் 1966-இலும் எழுதிய கட்டுரைகளே நிலைத்த விடை தந்தன. நோய் இரண்டு பெட்டிகளாக இல்லை; வானவில்லின் நிறங்கள்போல் ஒன்றினொன்று கலந்து செல்லும் நெடுவரிசை அது என்றனர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லச் செல்ல நிணவணுக்கள் குறையும், கோலுயிர் பெருகும். ஐந்து படிகளாக அவர்கள் வகுத்தது நுண்ணுயிரின் வகையை அன்று, உடலின் விடையை. நுண்ணுயிர் எங்கும் ஒன்றே.

இவ்விடையைத் தருவது உடலின் எப்பகுதி? ஜாக் மில்லர் 1961-இல், மார்பினுள் உள்ள தைமஸ் சுரப்பியே ஒருவகை நிணவணுக்களைப் பக்குவப்படுத்துகிறது என்று காட்டினார். முன்னர் 1960-இல் ஷெப்பர்டு என்னும் அமெரிக்கர், குளிர்ந்திருக்கும் எலியின் பாதத்தில் தொழுநோய்க் கோலுயிரைச் சிறிதளவு வளர்க்கலாம் எனக் கண்டிருந்தார். இரண்டையும் இணைத்தவர் இலண்டனில் ஆராய்ந்த ரீஸ். 1966-இல் அவர் தைமஸ் நீக்கப்பெற்றுக் கதிரியக்கத்துக்கும் உட்பட்ட எலிகளில் கோலுயிரைப் புகுத்தினார். நல்ல எலியில் ஓரளவோடு நின்ற பெருக்கம் இவ்வெலிகளில் வரம்பின்றிச் சென்றது. மாந்தரின் லெப்ரோமட்டஸ் வகையை ஒத்த நிலை தோன்றிற்று. டானியல்சென் காலத்து வினாவிற்கு நூற்றிருபது ஆண்டுகட்குப் பின் கிடைத்த விடை இது.

ஈண்டு ஒரு தவறான கருத்தை விலக்குதல் வேண்டும். லெப்ரோமட்டஸ் நோயாளர் காப்பாற்றல் அற்றவர் என்று பலர் எழுதுவர். அஃது உண்மையன்று. பிற நோய்களை அவருடல் பிறரைப் போலவே எதிர்க்கும். இக்கோலுயிரை எதிர்த்தும் அவர் குருதியில் எதிர்ப்பொருள்கள் ஏராளம். டியூபர்குலாய்டு வகையினரினும் மிகுதி. ஆனால் எதிர்ப்பொருள் குருதியிலும் நிணநீரிலும் உலவுவது. பகையோ அணுவின் உள்ளே ஒளிந்திருப்பது. கோட்டைக்கு வெளியே எத்துணைப் படை நின்றாலும் உள்ளே புகுந்த பகைவனுக்குத் தீங்கில்லை. உள்ளிருப்பவனைக் கொல்ல, விழுங்கிய அணுவே தூண்டப்பெறுதல் வேண்டும். அத்தூண்டுதலைத் தருபவை டி வகை நிணவணுக்கள் விடுக்கும் செய்திப் பொருள்கள். 1991-இல் அமெரிக்காவில் நோயாளரின் தோலை ஆராய்ந்தோர், டியூபர்குலாய்டு புண்பகுதியில் காமா இண்டர்பெரான் முதலிய தூண்டு பொருள்களும், லெப்ரோமட்டஸ் பகுதியில் இண்டர்லூக்கின் 4, 10 முதலிய பொருள்களும் மிக்கிருத்தலைக் காட்டினர். பின்னவை விழுங்கணுவை உறங்கச் செய்வன. எதிர்ப்பொருள் ஆக்கத்தை ஊக்குவன. ஆதலின் லெப்ரோமட்டஸ் உடல் வாளாவிருக்கவில்லை. வேறு திசையில் போரிடுகிறது.

இதுகாறும் தோலைப் பற்றியே கூறினோம். புண்ணின் பிறப்பிடமோ நரம்பு. மாந்தரின் புறநரம்புகளுள் வழக்கமாகப் புகும் நுண்ணுயிர் இஃதொன்றே. நரம்பிழையைச் சுற்றி உறையாக அமைந்த ஷ்வான் அணுக்களைச் சூழ லாமினின் என்னும் புரதம் உள்ளது. கோலுயிர் தன் மேற்புறத்துக் கொழுப்புச் சர்க்கரைப் பொருளால் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்நுழைகிறது என்பதை 1997 முதல் 2000 வரை வெளிவந்த இரம்புக்கனா முதலியோர் ஆய்வுகள் புலப்படுத்தின. உள்ளே அது பன்னிரண்டு முதல் பதினான்கு நாள்களுக்கு ஒருமுறையே இரட்டிக்கும். நச்சுப்பொருள் எதனையும் அது சுரப்பதாக அறியப்படவில்லை. தமிழ்நாட்டு நோயாளரிடமிருந்து எடுக்கப்பெற்றுத் தமிழ்நாட்டின் பெயராலேயே குறிக்கப்பெறும் ஒரு கோலுயிர் வகையின் மரபுத்தொகுதியைக் கோல் முதலியோர் 2001-இல் முழுதும் படித்தனர். அதில் ஏறத்தாழ 32 இலட்சத்து 68 ஆயிரம் எழுத்திணைகள். வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. பாழ்பட்டுக் கிடப்பன 1,100-க்கு மேல். பாதியளவு இடிந்த வீட்டில் வாழும் உயிர் அது. தனியே உண்ணவும் இயலாத இவ்வேழை, விரல்களை எங்ஙனம் தின்னும்?

தின்பது அதுவன்று. நரம்பினுள் கோலுயிரைக் கண்ட உடல், அங்கும் தன் படையை அனுப்புகிறது. நிணவணுக்களும் விழுங்கணுக்களும் நெருக்கி வீங்கும் இடத்தில் நரம்பிழை நசுங்குகிறது. 2017-இல் லலிதா இராமகிருஷ்ணன் முதலியோர் வரிமீன் குஞ்சுகளில் செய்த ஆய்வு, கோலுயிரின் மேற்பொருளால் தூண்டப்பெற்ற விழுங்கணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு வெளியிட்டு நரம்பின் உறையைச் சிதைத்தலைக் கண்முன் காட்டிற்று. உணர்வு போன கை சூடறியாது, கால் முள்ளறியாது. வேலூரில் 1940-களின் இறுதியிலிருந்து பணியாற்றிய பால் பிராண்டு, நோயாளரின் கைகளை நாள்தோறும் ஆராய்ந்து, விரல்கள் நோயினால் உதிர்வதில்லை, வலியில்லாமையாற் பயன்பாட்டிலேயே தேய்ந்தும் சுட்டும் புண்பட்டும் அழிகின்றன என்று நிறுவினார். செயலிழந்த விரல்களை நாண்மாற்று அறுவையால் இயங்கச் செய்தார். உள்ளங்காலுக்கேற்ற செருப்புச் செய்வித்தார். புண்ணுக்கு மருந்து செருப்பாகும் என்பதைப் பழைய நூலார் எவரும் எண்ணியிரார்.

காப்பாற்றலே கேடாதல், மருந்துண்ணும் காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். 1982-இல் உலக நல்வாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்தில் ரிபாம்பிசின் ஒன்றே சில நாள்களில் உயிருள்ள கோலுயிர்களிற் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். கொல்லப்பட்டவை மறைவதில்லை, பிணங்கள் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். வரிசையின் இடைப்படியில் இருப்பவரது உடல் திடீரென விழித்துக்கொண்டு அப்பிணங்களோடு போரிடும்போது, தேமல் சிவந்து வீங்கி, சில நாள்களிலேயே ஒரு கை செயலற்றுப் போதலும் உண்டு. மருந்து நோயை வளர்த்தது என்று அஞ்சி மருந்தை நிறுத்தியோர் பலர். நிறுத்தவேண்டியது மருந்தையன்று, காலம் தாழ்த்தாமல் பிரெட்னிசலோன் கொடுத்துப் போரை அடக்கவேண்டும். லெப்ரோமட்டஸ் முனையினருக்கு வரும் எதிர்வினை வேறு. ஆங்கு மிகுந்த எதிர்ப்பொருளும் கோலுயிர்க் கூறுகளும் பிணைந்து படிய, காய்ச்சலும் நோவுடைய செங்கட்டிகளும் தோன்றும். ஜெரூசலத்தில் ஷெஸ்கின் என்னும் மருத்துவர் 1964-இல், உறக்கமின்றித் துன்புற்ற இத்தகைய ஒருவருக்குத் தாலிடமைடு கொடுத்தார். உறக்கத்தோடு கட்டிகளும் தணிந்தன. கருவிலிருந்த குழவிகளின் கைகாலைச் சிதைத்ததென்று 1961-இல் சந்தையிலிருந்து விலக்கப்பெற்ற மருந்து அது. அதன் வினை, அழற்சியை மூட்டும் ஒரு செய்திப் பொருளைக் குறைத்தலே என்பது 1991-இல் அறியப்பெற்றது.

இவ்வளவும் அறிந்தபின் 1898-இன் வரையறையை மீண்டும் நோக்குவோம். நோயைப் பிறருக்குப் பரப்பவல்லவர் லெப்ரோமட்டஸ் முனையினர்; அவருடைய மூக்குநீரில் கோலுயிர் மிகுதி. தொடக்கத்தில் அவர் தோல் மழமழப்பாக, முகம் சற்றே தடித்து, உடல் நலமுடையதுபோலவே தோன்றும். புண் பெரும்பாலும் பிற்காலத்தது. டியூபர்குலாய்டு முனையினருக்கோ நரம்பு விரைவில் கெட்டுப் புண் முன்னரே வரும். அவரிடம் கோலுயிர் காண்பதரிது. புண்ணுடையார் எல்லாரும் பரப்பாதவர் என்று யாம் கூறவில்லை. லெப்ரோமட்டஸ் நோயாளருக்கும் காலிற் புண் உண்டு. ஆயினும் புண்ணைக் கொண்டு பிடித்த சட்டம், தொற்றுக்கு அஞ்சத் தேவையற்ற பலரைச் சிறைவைத்து, அஞ்சத்தக்க சிலரைத் தெருவில் விட்டது என்பது மறுக்கவொண்ணாதது. பிச்சைக்காரர் என்பதனையும் சேர்த்துக் கூறியதால், சட்டம் உண்மையில் அஞ்சியது எதனை என்பதும் விளங்குகிறது.

காப்பாற்றலை நோய் வருமுன்னரே ஊட்டலாமா என்பதைத் தமிழ்நாட்டிலேயே பேரளவில் ஆராய்ந்தனர். குப்தே முதலியோர் ஏறத்தாழ 1,71,000 மக்களுக்குத் தடுப்பூசியிட்டுச் செய்த ஒப்பாய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. பி.சி.ஜி. தனித்து 34 விழுக்காடும், இறந்த தொழுநோய்க் கோலுயிரோடு சேர்த்தபோது 64 விழுக்காடும் காப்பளித்தது. காசநோய்க்கெனச் செய்த ஊசி தொழுநோயையும் ஓரளவு தடுத்தது, இரு கோலுயிர்களும் ஓரினத்தவை ஆதலின்.

மருந்துண்டு முற்றும் நலமடைந்தவருக்கும் இறந்த நரம்பு மீள்வதில்லை. கோலுயிர் நீங்கிப் பல ஆண்டுகட்குப் பின்னும் அவர் உள்ளங்காலில் புண் வரும். அப்புண்ணில் தொழுநோய் இல்லை. 1898-இன் சட்டம் 2016-இல் நடுவணரசால் நீக்கப்பெற்றது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருத்தல் மணவிலக்குக்குப் போதிய காரணம் என்றிருந்த விதியை, இந்து திருமணச் சட்டம் முதலாய ஐந்து சட்டங்களிலிருந்து 2019-இல் எடுத்தனர்.